மூன்று மறுப்பும் ஒரே முத்திரையும்

திருகோணமலையில் அடுத்தவர்களுக்கு மனு, அதாவது பெட்டிசம், எழுதிப் பிழைத்த ஆதம்பாவாவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் சங்கீத வித்துவான்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். வித்துவான்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பட்டம் கொடுத்தார்கள், விழா மலர் வெளியிட்டார்கள். அந்த மலர்களில் ஒன்றிலாவது ஆதம்பாவாவின் பெயர் தென்படுமா என்று தேடிக் களைத்த பிறகு, உரிய மரியாதையோடும் அடக்க முடியாத எரிச்சலோடும் இதை எழுத நேர்ந்தது.

ஆதம்பாவா கிண்ணியாவில் பிறந்தவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தில் கடற்படைத் தளம் வைத்திருந்த காலத்தில் அங்கே சாமான் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்து இங்கிலீசும் ரைப்ரைட்டரும் பழகினார். நாட்டுக்குச் சுதந்திரம் நாற்பத்தெட்டில் வந்தது. தளத்துக்கு அது ஒன்பது வருடம் பிந்தி, வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோதுதான் வந்து சேர்ந்தது. வந்த சுதந்திரம் முதல் வேலையாக ஆதம்பாவாவையும் அவரைப்போன்ற ஒரு கூட்டத்தையும் வீட்டுக்கு அனுப்பியது. வேலை போன ஒவ்வொருவனுக்கும் ஒரு பெட்டிசம் தேவைப்பட்டது. ஆதம்பாவா தளத்தில் கழித்துவிட்ட பழைய ரைப்ரைட்டர் ஒன்றை வாங்கி, நீதிமன்றம் இருக்கும் கோட்டடிக்குப் பக்கத்து வாகை மரத்தின் கீழ் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டார். முதற் பெட்டிசம் தனக்காகவே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிசம் எழுத அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒவ்வொரு மார்கழியும் அதை மாவட்ட அலுவலகமான பெரிய கந்தோரில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் தை மாதம் மரத்தடியில் இருப்பவர் பெட்டிசக்காரர் அல்ல, மரத்தடியில் இருக்கும் ஒரு மனிதர். இந்த வித்தியாசத்தின் மேல்தான் ஆதம்பாவாவின் குசினி அடுப்பு எரிந்தது. மனைவி ரபீக்கா மார்கழி பிறந்தாலே நேர்ச்சை வைப்பாள்.

தொழிலுக்குச் சட்டம் ஒன்றிருந்தது. வந்தவன் தமிழில் சொல்வதை இங்கிலீசில் அடிக்க வேண்டும். அடித்ததைத் திரும்பத் தமிழில் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவன் “சரி” என்ற பிறகே கையொப்பம். அதன் கீழே, “மனுதாரர் சொன்னபடி என்னால் எழுதப்பட்டு, அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது” என்று ஒரு வசனம். அதன் கீழே ஆதம்பாவாவின் முத்திரை. மற்றப் பெட்டிசக்காரர்கள் இந்த வாசித்துக் காட்டும் வேலையை மத்தியானப் பசியைப் பொறுத்துச் செய்தார்கள், செய்யாமலும் விட்டார்கள். ஆதம்பாவா தொழுகையைப்போலச் செய்தார். காது கேளாத ஒரு கிழவருக்குக் காணி வழக்குப் பெட்டிசத்தை அவர் வாசித்துக் காட்டியதில், காணியின் எல்லை விபரங்கள் சந்தைவரைக்கும் தெரிந்துபோயின.

இவர் பாட்டும் கட்டுவார். நண்பர்களின் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, தேர்தலுக்கு நையாண்டிப் பா. அதனால்தான் துறைமுக இசைக்குழு இவரைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் குழுவில் மூன்று பேர். பாட்டுக்கு யோகலிங்கம், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக். இவர் பாடினால் கோயில் திருவிழாவில் கடலைக்காரன்கூடச் சுருள் மடிக்க மறந்து நிற்பான், அதில் பொய்யில்லை. தோலக்குக்குச் சின்னராசா, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். ஆர்மோனியத்துக்குப் பாக்கியரத்தினம் ரீச்சர், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். மூவரும் உப்புவெளியில் சின்னராசாவின் வீட்டு முற்றத்தில் சனி, ஞாயிறு பழகுவார்கள். மூவருக்கும் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. இந்த உண்மையை அவர்கள் அறுபத்தொன்றாம் ஆண்டு மாசியில் மறந்து, சித்திரையில் நினைவுகூர்ந்தார்கள். இடைப்பட்ட காலமே இந்தச் சரித்திரத்தின் பொற்காலம்.

அறுபத்தொன்றில் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கச்சேரி எனப்படும் அந்தப் பெரிய கந்தோரின் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. பந்தல் போட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் வந்து குந்தினார்கள். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பது ஊர் வழக்கம். யோகலிங்கம் வாகை மரத்தடிக்கு வந்து, “ஆதங்காக்கா, பந்தலுக்கு ஒரு பாட்டு வேணும். சும்மா பாட்டில்லை, நெருப்பு மாதிரி” என்று கேட்டார். ஆதம்பாவா ஓர் எல்லைத் தகராறுக்கும் ஒரு தாபரிப்பு வழக்குக்கும் நடுவே அதை எழுதிக் கொடுத்தார்.

கந்தோர் வாசலிற் குந்திவிட்டோம் – இனிக்
கால்கள் எழும்பிடமாட்டா
வந்தவர் நின்றவர் யாவரும் கேட்கட்டும்
வாயினைப் பூட்டிடமாட்டோம்

என்பது அதன் முதலடி; நாலு வரியை ஓரடியென்று எண்ணுவது குழுவின் வழக்கம். இரண்டாமடி வெயிலையும் மழையையும் பற்றியது, அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாமடி இது:

புரியாத பாஷையில் வந்த கடிதத்தைப்
போட்டிடுவோம் கடல்மேலே
திரைவந்து வாசித்துப் பார்க்கட்டும் – அதன்
தீர்ப்பினைச் சொல்லட்டும் மேலே

மூன்றாமடிக்கு வந்ததும் பந்தல் முழுக்க எழும்பிக் கைதட்டும். புல்மோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மீனவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோய் வலை இழுக்கப் பாடினார்கள். ஒருநாள் யோகலிங்கம் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, “இந்தப் பாட்டைப் படிச்சதுக்காக என்ர உத்தியோகம் போகுமெண்டால், அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரிலை மாட்டுவன்” என்று அறிவித்தார். சனம் ஆரவாரித்தது. சின்னராசா தோலக்கில் ஒரு தீர்மானம் வைத்து அதை ஆமோதித்தார். ரீச்சரின் கண் கலங்கியது. ஆதம்பாவா பந்தலின் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட வராது.

சித்திரையில் அவசரகாலச் சட்டம் வந்தது. பந்தல் பிரிந்தது. வைகாசியில் அரசாங்க ஊழியர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. சுவர்கள் தயாராக இருந்தன. கண்ணாடி வாங்கத்தான் யாரும் போகவில்லை.

முதலில் மரத்தடிக்கு வந்தவர் சின்னராசா. தோல் இழுத்துக் கட்டுவதற்காகத் தோலக்கைக் கடைக்குக் கொண்டுபோகும் வழியில் பந்தலில் தண்ணீர் குடிக்க நின்றதாகவும், அங்கே எவரோ பாடியதாகவும், பழக்க தோஷத்தில் தன் கை தானாக அசைந்திருக்கலாம் என்றும் சொன்னார். பந்தலில் வாசித்த இருபத்தேழு நாளும் தோல் இழுத்துக் கட்டினீர்களோ என்று ஆதம்பாவா கேட்கவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை எழுதுவது தொழில். அதோடு நிற்காமல், “தோலக்கு பாஷையற்ற வாத்தியம், அதற்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது” என்று தன் பங்குக்கு ஒரு வசனத்தையும் சேர்த்து, அதன் அழகில் கொஞ்சம் மகிழ்ந்தும் போனார். வாசித்துக் காட்டினார். சின்னராசா சரியென்றார். முத்திரை விழுந்தது.

இரண்டாவதாகப் பாக்கியரத்தினம் ரீச்சர் வந்தார். பந்தலில் இருந்த உறவுக்காரர் ஒருவருக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில் ஆர்மோனியம் ஒன்று இருந்ததாகவும், அது பழுதோ என்று கட்டைகளை அமர்த்திப் பார்த்ததாகவும் எழுதச் சொன்னார். பாட்டு வேறொருவரால் இயற்றப்பட்டது, அதன் பொருள் தனக்குத் தெரியாது என்றும் சேர்க்கச் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாடம் தமிழ். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டும்போது ரீச்சர் தலை நிமிரவில்லை. போகும்போது, “எனக்குத் தூர இடத்துக்கு மாற்றம் வந்தால் அம்மாவைப் பாக்க ஆளில்லை, காக்கா” என்றார். ஆதம்பாவா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக யோகலிங்கம் வந்தார். வரும்போதே கழுத்தில் ஒரு மப்ளர். திருகோணமலையில் வைகாசி வெயிலில் மப்ளர் கட்டிய முதல் மனிதர் என்ற பெருமை அவருக்கே உரியது. தனக்குப் பங்குனி முழுவதும் தொண்டை கட்டியிருந்ததாகவும், பந்தலில் வாயை மட்டும் அசைத்ததாகவும், குரல் வேறு யாருடையதோ என்றும் சொன்னார். ஆதம்பாவா அடித்தார். அடித்துவிட்டுக் கடுதாசியை உருவாமல் யோசித்தார்.

இங்கேதான் அந்த மனிதர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டார். வேறு எந்தப் பெட்டிசக்காரனும் செய்யாத காரியம் அது. தன் கையால் போகும் பெட்டிசம் பலவீனமாகப் போவதை அவரால் பொறுக்க ஏலாது.

“தம்பி, இதில ஓட்டை இரிக்கி” என்றார். “நீங்க படிக்கல்ல, சரி. சின்னராசா அடிக்கல்ல, ரீச்சருக்கு விளங்கல்ல. அப்ப ஆரு செஞ்சதெண்டு விசாரிக்கிற துரை கேப்பான். மூணு கடிதாசியும் ஒரே மேசைக்குப் போகும். ஒரு ஆளைக் காட்டாட்டி மூணும் விழுந்திரும்.”

யோகலிங்கம் மப்ளரைத் தடவினார்.  அதன் பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “காக்கா, நீங்கள் அரசாங்க உத்தியோகம் இல்லைத்தானே” என்றார்.

“ஓம். இல்ல.”

“உங்களை அவங்கள் ஒண்டும் செய்ய ஏலாது.”

 ஆதம்பாவா ரைப்ரைட்டரை நேராக்கி, மேற்படி பாடலை இயற்றியவரும், அதைப் பாடும்படி குழுவினரை நெருக்கியவரும் இன்ன முகவரியில் இருக்கும் ஆதம்பாவா என்பவரே என்று அடித்தார். அடித்து வாசித்துக் காட்டினார். யோகலிங்கம் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இன்னொரு தரம் வாசித்தார். “நெருக்கியவர்” என்ற இடத்தில் யோகலிங்கம் ஓம் என்று தலையாட்டினார். கையொப்பம் வைத்தார். அதன் கீழே ஆதம்பாவா தன் முத்திரையைக் குத்தினார். குற்றவாளி யார் என்று சொல்லும் கடிதத்தைக் குற்றவாளியே அத்தாட்சிப்படுத்திக் கொடுத்த வேறு சம்பவம் இந்த மாகாணத்தில் நடந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் ரபீக்கா இதைக் கேட்டுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். “அவனுக்குத்தான் வெக்கமில்ல. உங்களுக்குக் கையிரிக்கே, அது நிண்டு போகல்லியா?” என்று கேட்டாள். அவன் சொன்னான், நான் எழுதினேன், அது தொழில் என்றார் ஆதம்பாவா. “தொழிலா. மார்கழியில பாப்பம் உங்கட தொழில” என்றாள் ரபீக்கா. அவள் மார்க்கக் கல்விக்கு மேல் படிக்காதவள். ஆனாலும் அரசாங்கத்தைப் பற்றி அவளுக்கிருந்த அறிவு இசைக்குழு முழுவதற்கும் இருந்த அறிவைவிடக் கூடுதல்.

ஆவணியில் ஆதம்பாவாவைப் பெரிய கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். விசாரணைத் துரை மேசையில் மூன்று கடிதங்களையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். மூன்றின் அடியிலும் ஒரே முத்திரை. துரை கெட்ட மனிதரல்ல. அவருக்கு இது மிகவும் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடிதத்தில் உள்ள ஆதம்பாவாவும் முத்திரையில் உள்ள ஆதம்பாவாவும் ஒருவரா என்று கேட்டார். ஒருவர்தான் என்றார் இவர். அப்படியானால் இதில் உள்ளதெல்லாம் உண்மையென்று நீரே சான்று சொல்கிறீர் என்றார் துரை. அவர்கள் சொன்னார்கள் என்பதற்குத்தான் நான் சான்று, சொன்னது உண்மையா என்பதற்கு அவர்கள்தான் சான்று என்றார் இவர். துரை மூன்றாமடியின் மொழிபெயர்ப்பை எடுத்து, அரசாங்கக் கடிதங்களைக் கடலில் போடுவது அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதல்லவா என்று உண்மையாகவே விசாரித்தார். இதுவரை ஒரு கடிதமும் கடலில் விழவில்லை, எல்லாக் கடிதத்துக்கும் நானே பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று ஆதம்பாவா சொன்னார். துரை சிரித்துவிட்டார்.

சிரித்த கையோடு ஒரு வழியும் காட்டினார். மற்றவர்களைப்போல நீரும் ஒன்று எழுதித் தாரும், பாட்டு என்னுடையது அல்ல, யாரோ சொல்ல நான் எழுதினேன் என்று. அதுதானே உமது தொழில். மார்கழியில் பத்திரத்தைப் புதுப்பிக்க எனக்கும் வசதி.

துரை சொன்னதில் பிழையே இல்லை. அது நியாயமான பேச்சு. நம்பவும் கூடியது. ஆதம்பாவா வீட்டுக்கு வந்து ரைப்ரைட்டரின் முன் இரண்டு நாள் இருந்தார். அரை மணித்தியாலத்தில் அடுத்தவனைப் பாட்டிலிருந்தும் தோலக்கிலிருந்தும் ஆர்மோனியத்திலிருந்தும் கழற்றிவிட்ட கைக்குத் தன்னைக் கழற்ற ஒரு வசனம் வரவில்லை. மூன்றாம் நாள் போய்த் துரையிடம் சொன்னார்:

“ஐயா, நாலு வருசமா ஆயிரக்கணக்கில பெட்டிசம் எழுதினனான். எல்லாம் அடுத்தாக்கள்ற கதை. நானாச் சொல்லி நானா எழுதினது இந்தப் பாட்டு ஒண்டுதான். இதையும் என்ர இல்லையெண்டா, நான் எழுதினது எண்டு ஒண்டும் இல்ல.”

மார்கழியில் பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. சின்னராசாவுக்குப் பாரந்தூக்கி நிலைத்தது. ரீச்சருக்கு மாற்றம் வரவில்லை. யோகலிங்கத்துக்குத் தையில் தொண்டை திறந்தது. ஆதம்பாவாவுக்குக் கிண்ணியாத் துறையில் ஒரு வேலை கிடைத்தது. துறையில் கரைக்குக் கரை கம்பிக்கயிறு கட்டி, ஆட்கள் இழுத்துச் செல்லும் பெரிய மிதவை ஒன்று வாகனங்களையும் சனத்தையும் அக்கரைப்படுத்தும். அதில் சீட்டுக் கிழிப்பது அவர் வேலை. இங்கிலீசு தேவையில்லை. வாசித்துக் காட்டவும் ஒன்றுமில்லை.

பதினாறு வருடம் போயிற்று. அந்தக் காலத்தை யோகலிங்கம் வீணாக்கவில்லை. றேடியோவில் மெல்லிசை பாடினார். மந்திரிமார் வந்தபோது வரவேற்புப் பாடினார். எழுபத்திரண்டில் நாடு குடியரசானபோது, தமிழுக்கு இடமில்லையென்று ஊர் கறுப்புக்கொடி கட்டிய அன்று, குடியரசுக்கு ஒரு வாழ்த்துப் பாடினார். அந்த வாழ்த்தையும் தமிழில்தான் பாடினார் என்பதை நாம் மறக்கக் கூடாது. அறுபத்தொன்றைப் பற்றி யாராவது கேட்டால், கலைஞனுக்கு அரசியல் இல்லை என்பார். இந்த வசனத்தை அவர் சொல்லும் முறையில் ஒரு இராகம் இருந்ததாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

எழுபத்தேழில் தேர்தல் நடந்தது. காற்று மாறியது. அறுபத்தொன்றில் பந்தலில் இருந்தவர்களுக்கு இப்போது மேடையில் கதிரை கிடைத்தது. பந்தலில் இருந்ததாகச் சொன்னவர்களை எல்லாம் உண்மையில் அங்கே இருத்தியிருந்தால் பந்தல் துறைமுகம் வரைக்கும் நீண்டிருக்கும். யோகலிங்கத்துக்கு ‘உரிமைக்குரலோன்’ என்று பட்டம் கொடுக்க ஒரு விழாச் சபை கூடியது. சபையில் யாரோ ஒரு குறும்பன், இவர் அந்தக் காலத்தில் தொண்டை கட்டியதாக எழுதிக் கொடுத்தவர் அல்லவா என்று கேட்டுவிட்டான். கடிதத்தின் பிரதி ஒன்று எங்கோ இருப்பதாகவும் கதை அடிபட்டது.

எழுபத்தெட்டு மாசியில், மத்தியான வெயிலில், யோகலிங்கம் கிண்ணியாத் துறைக்கு வந்து மிதவையில் ஏறினார். மிதவையில் ஒரு பஸ், இரண்டு மாட்டுவண்டி, ஒரு கடற்படை ஜீப், ஐம்பது அறுபது சனம். ஆதம்பாவாவுக்கு அப்போது அறுபது வயது. இருவரும் மிதவையின் ஓரக் கம்பியருகே நின்றார்கள். யோகலிங்கம் சுகம் விசாரித்தார். ரபீக்காவை விசாரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். ஏற்கெனவே அடித்து வந்திருந்தது. கையொப்பம் மட்டும் வேண்டும். அறுபத்தொன்றாம் ஆண்டு வைகாசி மாதக் கடிதம் பெட்டிசக்காரராகிய என்னால் என் விருப்பப்படி எழுதப்பட்டது, அது யோகலிங்கம் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்படவில்லை, அதன் உள்ளடக்கம் தெரியாமலேயே அவர் கையொப்பமிட்டார் என்று அதில் இருந்தது.

“புது எம்.பி.யோடை கதைச்சிட்டன், காக்கா” என்றார் யோகலிங்கம். “இதிலை ஒரு கையெழுத்து வைச்சால் உங்கட பத்திரம் அடுத்த மாசமே திரும்பி வரும். மரத்தடியிலை போய் இருக்கலாம்.”

ஆதம்பாவா கடுதாசியை மெல்ல வாசித்தார். அந்தப் பத்திரம் அவருக்கு வேண்டியிருந்தது. பதினாறு மார்கழி அவர் அதை நினைத்திருக்கிறார். ரபீக்காவுக்குச் சீட்டுக் கிழிக்கிற புருசனைவிடப் பெட்டிசம் எழுதுகிற புருசனையே பிடிக்கும், அதை அவள் ஒளித்ததுமில்லை. மிதவை நடுத்துறையை எட்டியபோது அவர் தலை நிமிர்ந்தார்.

“ஜெமீல்” என்று கூப்பிட்டார். ஜெமீல் கயிறு இழுப்பவர்களுக்குத் தலைவன். “கயித்த விடு. நிப்பாட்டு.”

மிதவை நின்றது. பஸ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பாட்ட நீங்க படிக்கல்ல எண்டு சொன்னது உங்கட விருப்பம், தம்பி” என்றார் ஆதம்பாவா, எல்லாருக்கும் கேட்கும்படி. “என்ர பேரைப் போட்டதும் நான்தான், அதுக்கும் நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா நான் வாசிச்சுக் காட்டல்ல எண்டு எழுத ஏலாது. ரெண்டு தரம் வாசிச்சனான். ரெண்டாந் தரம் கேட்டது நீங்க. அத இந்தச் சனத்துக்கிட்டச் சொல்லுங்க. சொல்லும் வரைக்கும் இது போகாது.”

யோகலிங்கத்தின் முகம் வெளிறியது. இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஆதம்பாவா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தான். கூடையோடு நின்ற ஒரு மீன்காரி, “என்ர மீன் நாறினால் ஆர் பாட்டுக்காரரோ அவர்தான் வாங்கோணும், சொல்லிப்போட்டன்” என்றாள். யாரோ ஒருவர், இவர் றேடியோ யோகலிங்கம் அல்லவா என்றார். பெயர் வாய்க்கு வாய் பரவியது. அறுபத்தொன்றில் பாட்டுப் படித்தவர், அந்தப் பாட்டு, வலை இழுக்கிற பாட்டு.

அப்போது யோகலிங்கம் தன் முழுப் பெருமையும் விளங்கும்படி ஒரு காரியம் செய்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கம்பியில் கை வைத்து, கண்ணை மூடி, பாடத் தொடங்கினார்.

கந்தோர் வாசலிற் குந்திவிட்டோம். குரலில் ஒரு கீறலும் இல்லை. சொல்லக் கசக்கிறது, அற்புதமாக இருந்தது. சனம் தாளம் போட்டது.  இரண்டாமடிக்கு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மீன்காரியும் பாடினாள். ஜீப்பிலிருந்த கடற்படைக்காரர் இருவருக்கும் பாஷை விளங்கவில்லை, ஆனால் பாட்டுப் பிடித்துக் கைதட்டினார்கள். யோகலிங்கம் கண்ணைத் திறந்தார். சீருடையைக் கண்டார். இரண்டாமடியோடு நிறுத்திக்கொண்டார்.

“மூணாவதப் படிங்க” என்றார் ஆதம்பாவா.

“தொண்டை ஒரு மாதிரி இருக்குது, காக்கா.”

ஜெமீலும் ஆட்களும் பாட்டில் தம்மை மறந்து எப்போதோ கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆதம்பாவாவின் கட்டளையை யோகலிங்கத்தின் தாளம் வென்றுவிட்டது. மிதவை அக்கரையில் முட்டியது. சனம் யோகலிங்கத்தைச் சூழ்ந்து கைகுலுக்கியது. ஒரு கிழவர், யார் தம்பி இதைக் கட்டினது என்று கேட்டார். “அது ஊர்ப் பாட்டு, ஐயா” என்றார் யோகலிங்கம் அடக்கமாக. கட்டினவர் இரண்டு முழம் தள்ளி, கையொப்பம் வைக்காத கடுதாசியோடு நின்றார். அதை நாலாய் மடித்து யோகலிங்கத்தின் சட்டைப்பையில் தானே செருகினார். செருகிய கையை உடனே எடுக்கவில்லை. அடித்துவிடுவாரோ என்று ஜெமீல் பயந்து கிட்ட வந்தானாம். அடித்திருந்தால் இந்தச் சரித்திரம் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக முடிந்திருக்கும்.

விழா சிறப்பாக நடந்தது. வேறொரு பெட்டிசக்காரரிடம் வேறு மாதிரி ஒரு கடிதம் வாங்கியிருந்தார்கள். பட்டம் கொடுத்தார்கள். விழா மலரில் பாட்டு அச்சாகியது, இரண்டு அடி மட்டும். அதன் அடியில் ‘நாட்டார் பாடல்’ என்றிருந்தது. நாட்டார் அப்போது கிண்ணியாத் துறையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அதிக நாள் கிழிக்கவில்லை. நடுத்துறையில் மிதவையை நிறுத்திப் பிரயாணிகளுக்கு இடைஞ்சல் செய்ததாக யாரோ ஒரு பெட்டிசம் போட்டிருந்தார்கள். யாரென்று நாம் ஊகிக்க மாட்டோம், நாம் ஊகிக்காமலே ஊர் சொன்னது. மிதவைக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஜெமீல் வீட்டுக்கு ஓடி வந்தான். “கயிறு சிக்கினது எண்டு எழுதுங்க காக்கா. நாங்க ஆறு பேரும் கையெழுத்து வைக்கிறம்” என்றான். நல்ல பையன், மனசார வந்தான். ரபீக்கா குசினி வாசலில் நின்றாள். பதினாறு வருடத்துக்கு முன்பு சொன்னதுபோல எதையும் சொல்லவில்லை. “அவர எழுத விடு, ஜெமீல்” என்று மட்டும் சொன்னாள்.

ஆதம்பாவா தனக்கென்று எழுதிய முதலாவது விளக்கம் அது. கையால், தமிழில் எழுதினார். அதனால் இருந்த வேலையும் போயிற்று. கந்தோரில் வேலை செய்த ஒரு நண்பர் அதைப் பிரதி பண்ணி வைத்திருந்தார். முழுவதும் இவ்வளவுதான்:

“ஐயா, கயிறு சிக்கவில்லை. காற்றும் இல்லை. மிதவையை நிறுத்தச் சொன்னது நான்தான். கயிறு இழுத்தவர்களுக்கு இதில் பங்கில்லை, அவர்கள் நான் சொன்னதைச் செய்தார்கள். என்னை யாரும் நெருக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாட்டில் இரண்டு அடி பாடும் நேரம். பாடியவர் மூன்றாவது அடியையும் பாடியிருந்தால் இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருப்பேன்.”